ஒளி பட்ட இடம் நிற்கும்: டிரை ஃபிலிமில் வீட்டுச் சர்க்யூட் போர்டு

எலெக்ட்ரானிக்ஸ் பழகுகிறவர்கள் பிரெட்போர்டில் தொடங்கி டாட் போர்டுக்கு வருவார்கள். வரிசையாகத் துளையிட்ட அந்தப் போர்டில் ஒயரை வளைத்துச் சால்டர் வைத்தே பல வருடம் ஓட்டிவிடலாம். சிக்கல் வருவது சிறிய ஐ.சி.க்களில்தான். அட்மெகா328 சிப்பின் தட்டை வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு பக்கமும் பக்கத்துக்கு 8 கால்கள்; ஒரு காலுக்கும் அடுத்த காலுக்கும் 0.8 மி.மீ. தூரம். டாட் போர்டின் துளைகளுக்கு இடையே 2.54 மி.மீ. எப்படித் திருப்பி வைத்தாலும் இரண்டும் சேராது. அந்தச் சிப்புக்கென்றே செப்பு டிராக் வரைந்த போர்டு ஒன்று வேண்டும்.

அதை வீட்டில் செய்ய நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் பிடிப்பது டோனர் முறை. வழவழப்பான தாளில் லேசர் பிரின்ட் எடுத்துச் செப்பின் மேல் கவிழ்த்து அயர்ன் பாக்ஸால் அழுத்தினால், டோனர் உருகிச் செப்பில் ஒட்டும். எளிய சர்க்யூட்டுக்கு அது போதும். சூடு கொஞ்சம் கூடினால் டோனர் பரந்து பக்கத்து டிராக்கைத் தொட்டுவிடும். குறைந்தால் பாதி டிராக் தாளோடு போய்விடும். டிராக்கின் அகலம் 0.3 மி.மீ.க்குக் கீழே போனால் இந்த முறையை நம்ப முடியாது. இதற்கு மாற்று, ஒளியில் இறுகும் பூச்சு கொண்ட டிரை ஃபிலிம். அது 0.2 மி.மீ. டிராக்கைச் சிரமமில்லாமல் தரும். கவனமாகச் செய்தால் 0.15 வரைகூட இறங்கலாம். சர்க்யூட் போர்டு தொழிற்சாலைகள் பயன்படுத்துவதும் இதே வகை ஃபிலிம்தான். அங்கே இயந்திரம் செய்வதை இங்கே கை செய்கிறது. நடக்கும் வேதியியல் ஒன்றே. அதனால்தான் இதைச் செய்முறைக் குறிப்பாக மட்டும் மனப்பாடம் செய்வது வீண் என்கிறேன். ஒவ்வொரு படியிலும் ஃபிலிமுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால், போர்டு கெட்டுப்போனாலும் எங்கே கெட்டது என்பதைப் போர்டே காட்டிக்கொடுக்கும்.

செப்புத் தகட்டில் வேண்டிய இடத்தை மூடி, வேண்டாத செப்பைக் கரைத்து எடுக்கும் யோசனைக்கு வயது அதிகம். வியன்னாவில் பிறந்த பவுல் ஐஸ்லர் என்ற பொறியாளர் 1930-களில் இங்கிலாந்துக்கு வந்து, அச்சிட்ட சர்க்யூட்டில் இயங்கும் ரேடியோவைச் செய்து காட்டினார். செப்பை மூடுவதற்கு மை, அரக்கு, ஒளியில் இறுகும் திரவப் பூச்சு என்று பலவும் வந்தன. திரவத்தைத் தகடு முழுக்க ஒரே கனத்தில் பூசுவது சுலபமல்ல. 1968-இல் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம் ரிஸ்டன் என்ற பெயரில் அந்தப் பூச்சை முன்கூட்டியே சீரான ஃபிலிமாக்கி, சுருளாக விற்கத் தொடங்கியது. ஆரம்ப காலத்து ஃபிலிமைக் கழுவக் கடுமையான கரைப்பான்கள் தேவைப்பட்டன. சோடா கலந்த தண்ணீரிலேயே கழுவக்கூடிய ஃபிலிம் பிறகு வந்தது. இன்று வீட்டு மேசையில் இந்த வேலை சாத்தியமாவதற்கு அந்த மாற்றமே காரணம்.

ஃபிலிம் மூன்று அடுக்குகளால் ஆனது. நடுவில் ஒளிக்கு வினைபுரியும் பூச்சு. கனம் சுமார் 0.04 மி.மீ. அதன் ஒரு பக்கம் மெல்லிய, மெத்தென்ற பாலிஎத்திலீன் தாள். மறுபக்கம் தெளிவான, கொஞ்சம் விறைப்பான பாலியஸ்டர் தாள். முதல் தாளைச் செப்பில் ஒட்டுவதற்கு முன்பே எடுக்க வேண்டும். இரண்டாவது தாள் ஒளி காட்டி முடியும்வரை அப்படியே இருக்க வேண்டும்.

நடுவில் இருக்கும் பூச்சுக்கு இரண்டு குணங்கள். அதிலுள்ள பாலிமரில் அமிலக் குழுக்கள் இருப்பதால் லேசான காரத்தில்கூட அது கரைந்துவிடும். அதோடு கலந்திருக்கும் சிறிய மூலக்கூறுகள் புற ஊதா ஒளி பட்டதும் ஒன்றோடொன்று கைகோத்து வலையாக இறுகிவிடும். இறுகிய பகுதிக்குள் லேசான காரம் சுலபத்தில் புக முடியாது. ஆகவே சோடா நீரில் போட்டால் ஒளி படாத இடம் கரைந்து போகும், ஒளி பட்ட இடம் நிற்கும். கடும் காரமான காஸ்டிக் சோடாவில் போட்டால் இறுகிய பகுதியும் ஊறி, உப்பி, செப்பிலிருந்து தோலாகக் கழன்று வரும். லேசான காரம் படத்தை வெளிக்கொண்டுவரும். கடும் காரம் எல்லாவற்றையும் உரித்துவிடும். இந்த ஒரு விஷயம் மனதில் இருந்தால் பின்னால் வரும் பாதிக் கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடும்.

ஒளி பட்ட இடம் நிற்பதால் நமக்கு வேண்டியது நெகட்டிவ் படம். டிராக்குகள் தெளிவாகவும் மற்ற இடமெல்லாம் கறுப்பாகவும் இருக்க வேண்டும். கிகேட் போன்ற இலவச மென்பொருளில் வரைந்து, நிறத்தைத் தலைகீழாக்கி, ஓ.எச்.பி. ஷீட்டில் பிரின்ட் எடுக்கலாம். லேசர் பிரின்டரின் கறுப்பு கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிந்தாலும், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் ஊசித்துளைகள் மின்னும். பெரிய கறுப்புப் பரப்பின் நடுப்பகுதி சாம்பல் நிறமாக வெளுத்திருக்கும். ஒரே படத்தை இரண்டு ஷீட்டில் எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாகச் சரியாகப் பொருத்தி ஒட்டுவது நல்ல தீர்வு. இங்க்ஜெட்டுக்கென்று வரும் ஷீட் கிடைத்தால் கறுப்பு இன்னும் அடர்த்தியாக விழும்.

ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுப்பவர்கள் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லி வாங்க வேண்டும்: அளவு 100 சதவீதம், தாளுக்குப் பொருந்துமாறு சுருக்கக் கூடாது. கடைக்காரர் பழக்கத்தில் அந்தப் பொத்தானை அழுத்திவிட்டால் படம் மூன்று நான்கு சதவீதம் சுருங்கும். கண்ணுக்குத் தெரியாது, 40 கால் ஐ.சி.யைச் சொருகும்போது தெரியும். படத்தின் ஓரத்தில் 50 மி.மீ. நீளக் கோடு ஒன்றைச் சேர்த்து வரைந்து, பிரின்ட் கைக்கு வந்ததும் அளந்து பார்த்துவிடுங்கள்.

ஷீட்டின் எந்தப் பக்கம் போர்டை நோக்கி இருக்க வேண்டும் என்பதிலும் கவனம் வேண்டும். மை இருக்கும் பக்கம்தான் ஃபிலிமைத் தொட வேண்டும். ஷீட்டின் கனம் சுமார் 0.1 மி.மீ. மை மேலே இருந்தால் அந்த இடைவெளியில் ஒளி சாய்வாகப் புகுந்து கறுப்பின் ஓரத்துக்கு அடியிலும் போய்விடும், 0.2 மி.மீ. டிராக்கின் ஓரம் மங்கிவிடும். கிகேட் எல்லா அடுக்கையும் மேலிருந்து பார்ப்பதாகவே காட்டுகிறது. அதனால் கீழ் அடுக்கை அப்படியே பிரின்ட் எடுத்து மைப்பக்கத்தைக் கவிழ்த்தால் சரியாக வரும். மேல் அடுக்கை மட்டும் கண்ணாடிப் பிம்பமாக எடுக்க வேண்டும். குழப்பமே வேண்டாம் என்றால் செப்பு அடுக்கில் இரண்டு எழுத்துகளைச் சேர்த்து வரையுங்கள். ஷீட்டை மைப்பக்கம் கீழே இருக்குமாறு போர்டில் வைத்துப் பார்க்கும்போது எழுத்து நேராகப் படிக்க வந்தால் போதும்.

இனி செப்பு. இந்த முறையில் தோற்பவர்களில் பெரும்பாலோர் தோற்பது ஒளியில் அல்ல, இதற்கு முந்தைய சுத்தத்தில். கடையில் வாங்கும் காப்பர் போர்டின்மேல் துரு தடுக்கும் பூச்சு, கை எண்ணெய், ஆக்சைடு எல்லாம் இருக்கும். பாத்திரம் தேய்க்கும் பச்சை ஸ்க்ரப்பரும் கொஞ்சம் சோப்பும் போட்டு, முதலில் நீளவாட்டிலும் பிறகு குறுக்காகவும் தேய்த்து நன்றாக அலசுங்கள். செப்பு மின்ன வேண்டியதில்லை. மிக நுண்ணிய கீறல்களோடு மங்கலாக இருந்தால் ஃபிலிமுக்குப் பிடிமானம் கிடைக்கும். அலசிய போர்டைச் சாய்த்துப் பிடியுங்கள். தண்ணீர் முழுப் பரப்பிலும் ஒரே படலமாக வழிந்தால் சுத்தம். எங்காவது படலம் உடைந்து துளித்துளியாகத் திரண்டால் அங்கே எண்ணெய் இருக்கிறது. மறுபடி தேய்க்க வேண்டும். தொழிற்சாலைகளிலும் இதே சோதனை உண்டு. சுத்தமான பிறகு ஓரத்தைத் தவிர வேறு எங்கும் விரல் படக் கூடாது. ஈரம் முழுக்கக் காய்ந்ததும் தாமதிக்காமல் ஃபிலிமை ஒட்டிவிடுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் செப்பு சீக்கிரமே நிறம் மாறத் தொடங்கிவிடும்.

ஃபிலிமை எடுக்கும் அறையில் டியூப் லைட்டையும் சன்னல் வெளிச்சத்தையும் தவிருங்கள். ஃபிலிம் புற ஊதாவுக்கும் நீலத்துக்கும்தான் வினைபுரியும். மஞ்சள் நிறத்துக்குக் கண்மூடிக் கிடக்கும். மஞ்சள் எல்.இ.டி. பல்பு ஒன்று போதும், போட்டோ ஸ்டூடியோ இருட்டறை வேண்டாம். போர்டைவிடக் கொஞ்சம் பெரிதாக ஃபிலிமை வெட்டி, ஒரு மூலையின் இரண்டு பக்கமும் செலோடேப் துண்டுகளை ஒட்டி எதிரெதிராக இழுங்கள். சுலபமாகப் பிரிந்து வருவதுதான் பாலிஎத்திலீன். முழுதாக உரித்துவிடாமல் ஒரு ஓரத்தில் மட்டும் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு உரித்து, அந்த ஓரத்தைப் போர்டில் ஒட்டுங்கள். பிறகு உரித்துக்கொண்டே விரலாலோ துணியாலோ நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவிக்கொண்டு போங்கள். ஒரேயடியாக உரித்துவிட்டுப் போர்டின்மேல் போட்டால் குமிழி விழுவது நிச்சயம்.

நீவுவது ஒட்டுவதற்கான தொடக்கம்தான். உண்மையில் ஒட்டவைப்பது சூடும் அழுத்தமும். அடையாள அட்டைக்கு லேமினேஷன் செய்யும் மெஷின் இருந்தால் நல்லது. உருளை 110 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும்போது போர்டை மூன்று நான்கு முறை செலுத்தலாம். 1.6 மி.மீ. கனப் போர்டு சில சிறிய மெஷின்களில் நுழையாது, 0.8 மி.மீ. போர்டு வாங்கினால் அந்தத் தொல்லை இல்லை. அயர்ன் பாக்ஸ்தான் இருக்கிறது என்றால், நீராவி இல்லாமல் நடுத்தரத்துக்கும் குறைந்த சூட்டில் வைத்து, மேலே ஒரு வெள்ளைத் தாளைப் போட்டு மெதுவாக அழுத்துங்கள். சூடு அளவு மீறினால் ஒளி படாமலேயே பூச்சு இறுகிவிடும். பிறகு சோடா நீரில் எவ்வளவு ஆட்டினாலும் கரையாது. ஒட்டிய போர்டு அறைச் சூட்டுக்கு வரும்வரை கால் மணி நேரம் இருட்டில் இருக்கட்டும்.

குமிழி விழுந்த போர்டை ஊசியால் குத்திச் சரிசெய்யலாம் என்று சிலர் சொல்வார்கள். குமிழி டிராக் இல்லாத இடத்தில் இருந்தால் விட்டுவிடலாம். டிராக்கின் மேல் இருந்தால், உரித்து எறிந்துவிட்டுப் புதிதாக ஒட்டுவதே நேரத்தை மிச்சப்படுத்தும். ஃபிலிம் மலிவுதான்.

அடுத்தது ஒளி. 365 முதல் 405 நானோமீட்டர் வரை அலைநீளம் தரும் எந்த விளக்கும் பயன்படும். நகப்பூச்சு உலர்த்தும் யு.வி. எல்.இ.டி. விளக்கு சிறிய போர்டுக்குப் போதுமானது. வெயிலிலும் செய்யலாம், ஆனால் நேரத்தையும் மேகத்தையும் பொறுத்து வெயிலின் பலம் மாறிக்கொண்டே இருக்கும், அதை நம்பி ஒரு கணக்கு வைத்துக்கொள்ள முடியாது. போர்டின்மேல் படத்தை வைத்து, அதற்குமேல் சாதாரணச் சன்னல் கண்ணாடித் துண்டை வைத்து, நான்கு ஓரமும் கிளிப்பால் இறுக்குங்கள். படம் எங்காவது தூக்கிக்கொண்டிருந்தால் அங்கே ஒளி பக்கவாட்டில் கசியும். விளக்குக்கும் போர்டுக்கும் உள்ள தூரத்தை நிரந்தரமாக வைத்துக்கொள்ளுங்கள். தூரம் மாறினால் நேரமும் மாறிவிடும். விளக்கைக் கண்ணால் நேராகப் பார்க்காதீர்கள், ஓர் அட்டைப்பெட்டியால் மூடிவிடுங்கள். இந்த ஒளியில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைப் பாதிக்கும்.

எத்தனை விநாடி? எல்லாரும் கேட்கும் கேள்வி இது. யாரும் இதற்குப் பொதுவான விடை சொல்ல முடியாது. உங்கள் விளக்கு, தூரம், கண்ணாடி, ஷீட், ஃபிலிம் எல்லாம் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கும். சோதனைத் துண்டு ஒன்றைச் செய்து பார்த்துவிட்டால் ஊகிக்கவே வேண்டியதில்லை. ஃபிலிம் ஒட்டிய நீளமான போர்டுத் துண்டின்மேல் மெல்லிய கோடுகள் உள்ள படத்தை வையுங்கள். மேலே ஒரு கறுப்பு அட்டையால் முழுதும் மூடி, விளக்கைப் போட்டு, பத்து விநாடிக்கு ஒருமுறை அட்டையை ஒரு விரல் அகலம் நகர்த்துங்கள். முடிவில் துண்டின் ஒரு முனை பத்து விநாடியும் மறுமுனை நூறு விநாடியும் ஒளி கண்டிருக்கும்.

விளக்கை அணைத்ததும் படத்தை எடுத்துவிட்டுப் பாருங்கள். வெளிர்நீலமாக இருந்த ஃபிலிமில் ஒளி பட்ட கோடுகள் கருநீலமாகத் தெரியும். பூச்சில் இதற்காகவே ஒரு சாயம் கலந்திருக்கிறார்கள். குறைந்த நேரம் பெற்ற முனையில் நிறம் இன்னும் வெளிறியிருக்கும். மறுமுனையை நோக்கிப் போகப்போக அடர்த்தி கூடி, ஓர் இடத்துக்குப் பிறகு மாறாமல் நின்றுவிடும். அந்த இடத்தை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். கழுவிய பிறகு துண்டை மறுபடி பாருங்கள். ஒளி குறைந்த பக்கத்தில் கோடுகள் பிசுபிசுத்து, பளபளப்பு இழந்து, சில இடங்களில் செப்பை விட்டுக் கழன்றிருக்கும். ஒளி அதிகமான பக்கத்தில் கோடு தடித்திருக்கும். இரண்டு கோடுகளுக்கு நடுவே கழுவப்படாத நீலப் படலம் தங்கியிருக்கும். இரண்டுக்கும் இடையே, கோடு பளபளப்பாகவும் இடைவெளி சுத்தச் செப்பாகவும் இருக்கும் பட்டைதான் உங்கள் நேரம். அதை விளக்குப் பெட்டியின்மேலேயே எழுதி வையுங்கள். புதிய சுருள் வாங்கினால் மறுபடி ஒரு துண்டு.

ஒளி காட்டும்போது மேலேயிருக்கும் பாலியஸ்டர் தாளை எடுக்கக் கூடாது என்றேன். காற்றிலுள்ள ஆக்சிஜன் இறுகும் வினையைத் தடுத்துவிடும். அந்தத் தாள்தான் ஆக்சிஜனை அண்டவிடாமல் காக்கிறது. விளக்கை அணைத்த பிறகும் வினை கொஞ்ச நேரம் தொடரும் என்பதால், மறுபடி கால் மணி நேரம் இருட்டில் விட்டுவிட்டுத் தாளை உரியுங்கள். உரிக்க மறந்து அப்படியே சோடா நீரில் போட்டுவிட்டு, ஒன்றும் நடக்கவில்லையே என்று தவிப்பவர்கள் உண்டு. கரைசல் தாளைத் தாண்டி உள்ளே போகவே முடியாது. மூலையில் செலோடேப் ஒட்டித் தூக்கினால் வந்துவிடும்.

கழுவும் கரைசலுக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 10 கிராம் சோடியம் கார்பனேட். கடையில் சலவை சோடா என்று கேட்டால் கிடைக்கும், ஆனால் அதில் ஒரு கணக்கு இருக்கிறது. பளிங்குக் கட்டியாக இருக்கும் சலவை சோடாவின் எடையில் பாதிக்குமேல் தண்ணீர்தான். அதை எடுத்தால் லிட்டருக்கு 27 கிராம் போட வேண்டும். தண்ணீர் நீங்கிய வெண்பொடி என்றால் 10 கிராம் போதும். ஆப்ப சோடா வேறு பொருள், அப்படியே உதவாது. அதை ஓவனில் 200 டிகிரியில் ஒரு மணி நேரம் சூடாக்கினால் கார்பன் டையாக்சைடும் நீராவியும் வெளியேறி, 100 கிராமுக்குச் சுமார் 63 கிராம் சோடியம் கார்பனேட் மிஞ்சும். சலவைத்தூள் எதையும் பயன்படுத்த வேண்டாம்.

கரைசல் 28 முதல் 30 டிகிரியில் இருந்தால் சரியாக வேலை செய்யும். நம் ஊரில் குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் அந்தச் சூட்டில்தான் வருகிறது. பிளாஸ்டிக் தட்டில் ஊற்றிப் போர்டை மூழ்கவைத்து, மென்மையான பெயின்ட் பிரஷ்ஷால் நீவுங்கள். அரை நிமிடத்தில் ஒளி படாத பகுதி வெளிறி, நீலக் குழம்பாகக் கரைந்து மிதக்கும். எல்லா இடத்திலும் செப்பு தெரியும் நேரத்தைக் கவனித்து, ஏறக்குறைய அதே அளவு நேரம் இன்னும் விடுங்கள். செப்பு தெரிந்த மறுநொடியே எடுத்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாத படலம் தங்கிவிடும். அளவு கடந்து விட்டால், முன்பு சொன்ன காரத்தின் குணம் இங்கே வேலையைக் காட்டும்: இறுகிய டிராக்குகளும் ஊறி ஓரத்தில் தூக்கும். சோடாவை அள்ளிப்போட்டால் வேகமாக முடியும் என்று நினைப்பதும் இதே காரணத்தால் தப்பு.

அலசுவதற்கு உப்புக்கலந்த கடின நீரே நல்லது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் கழுவும் வினையை உடனே நிறுத்திவிடுகின்றன. சோடா கரைக்க மட்டும் ஆர்.ஓ. தண்ணீர் எடுங்கள், போர் தண்ணீரில் கரைத்தால் கால்சியம் கார்பனேட் பிரிந்து கரைசல் கலங்கும்.

படலம் தங்கியிருக்கிறதா என்று பார்க்க ஓர் அருமையான வழி உண்டு. போர்டைச் செப்பைக் கரைக்கும் ஃபெரிக் குளோரைடில் சில விநாடி மட்டும் முக்கி எடுத்துத் தண்ணீரில் அலசுங்கள். சுத்தமான செப்பு பளபளப்பை இழந்து சீரான இளஞ்சிவப்பு மங்கலாக மாறும். பழையபடி மின்னும் திட்டு எங்கே தெரிகிறதோ அங்கே பூச்சு மிச்சமிருக்கிறது. நன்றாக அலசிவிட்டு அரை நிமிடம் சோடா நீரில் மறுபடி கழுவினால் தீர்ந்தது. இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டு முழுக்க எட்ச் செய்தால், அதாவது வேண்டாத செப்பைக் கரைத்தால், இரண்டு பேட்களுக்கு நடுவே செப்புப் பாலங்கள் நிற்கும். அவற்றைப் பிளேடால் சுரண்டிக்கொண்டு மாலைப்பொழுது முழுதும் போய்விடும்.

எட்ச் செய்வது பழைய கதைதான். ஃபெரிக் குளோரைடுக் கரைசலைப் பிளாஸ்டிக் தட்டில் ஊற்றி, தட்டை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 40 டிகிரிக்குச் சூடேற்றி, ஆட்டிக்கொண்டே இருங்கள். 35 மைக்ரான் செப்பு பத்து முதல் இருபது நிமிடத்தில் போய்விடும். நீரற்ற ஃபெரிக் குளோரைடுப் பொடியைக் கரைக்கும்போது கடும் சூடும் புகையும் வரும். எப்போதும் தண்ணீரில் பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், பொடியின்மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, திறந்த சன்னல். எவர்சில்வர் சிங்க்கின் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். அது எவர்சில்வரையும் அரிக்கும். துணியில் பட்ட கறை போகாது. டிராக் இல்லாத இடத்தையெல்லாம் கிரவுண்டு செப்பாக விட்டு வரைந்தால் கரைக்க வேண்டிய செப்பு குறையும், கரைசலும் நீண்டநாள் வரும்.

மிச்சமுள்ள நீலப் பூச்சை உரிக்க, லிட்டருக்கு 30 கிராம் காஸ்டிக் சோடா கரைத்த தண்ணீர். சில நிமிடங்களில் பூச்சு பாளம் பாளமாகக் கழன்று வரும். அலுமினியப் பாத்திரத்தில் இதைச் செய்யாதீர்கள், ஹைட்ரஜன் வாயு கிளம்பும். கண்ணில் ஒரு துளி பட்டாலும் ஆபத்து. குழந்தைகள் இருக்கும் வீட்டில் அசிட்டோனைத் துணியில் நனைத்துத் துடைத்து எடுப்பது மேல். துளை போட ஐ.சி. கால்களுக்கு 0.8 மி.மீ., பின் ஹெடருக்கு 1 மி.மீ. டிரில் பிட். போர்டில் இருக்கும் கண்ணாடி இழை சாதாரண பிட்டைச் சீக்கிரம் மழுங்கடித்துவிடும். கார்பைடு பிட் நீடிக்கும், ஆனால் ஸ்டாண்ட் இல்லாமல் கையில் பிடித்தால் முறியும். அந்தத் தூளை மூச்சில் இழுக்கக் கூடாது. முகக்கவசம் போட்டுக்கொண்டு, தூளை ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

ஃபிலிமைச் சேமிப்பதிலும் கவனம் வேண்டும், அதுவும் நம் வெயிலுக்கு. மே மாதம் மாடி அறையில் வைத்த சுருளின் ஓரத்தில் பூச்சு பிதுங்கி, அடுக்குகள் ஒட்டிக்கொள்ளும். கறுப்புப் பையில் சுற்றி, காற்றுப் புகாத டப்பாவில் ஃப்ரிட்ஜில் வைக்கலாம். எடுத்தவுடன் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வந்தபின் திறந்தால் ஈரம் படியாது.

ஐந்து போர்டைச் சில நூறு ரூபாய்க்கு அச்சடித்து அனுப்பும் தொழிற்சாலைகள் இருக்கும்போது இதற்கெல்லாம் என்ன அவசியம் என்று கேட்பது நியாயம்தான். என் முடிவு இது. இரண்டு பக்கமும் டிராக் நெருக்கமாக ஓடி, அவற்றை இணைக்கும் வயா துளைகள் நூற்றுக்கணக்கில் வேண்டிய போர்டு என்றால் வெளியேதான் கொடுக்க வேண்டும். துளையின் உட்சுவரில் செப்பு படியவைப்பது வீட்டில் எளிதல்ல. ஒவ்வொரு வயாவிலும் ஒயர் சொருகி இரண்டு பக்கமும் சால்டர் வைத்து மாளாது. ஒற்றைப் பக்கப் போர்டு, அவசரமாக ஒன்றே ஒன்று, வரைந்தது சரியா என்று இன்றே தெரிய வேண்டும் என்ற நிலைமையில் டிரை ஃபிலிமுக்கு ஈடு இல்லை. காலையில் வரைந்ததை மாலையில் மின்சாரம் கொடுத்துப் பார்த்துவிடலாம். பொறியியல் கல்லூரி ஆய்வகங்களில் இதை ஒருமுறையாவது மாணவர்கள் கையால் செய்ய வேண்டும் என்று விரும்புகிறேன். அதன்பிறகு அவர்கள் மென்பொருளில் டிராக்கின் அகலத்தையும் இடைவெளியையும் எண்ணாக மட்டும் பார்க்க மாட்டார்கள்.

கடைசியாகக் கழிவு. பழைய ஃபெரிக் குளோரைடுக் கரைசலில் கரைந்திருக்கும் செப்பு, மிகச் சிறிய அளவிலேயே மீனையும் நீர்ப்பாசியையும் கொல்லக்கூடியது. சிங்க்கிலோ சாக்கடையிலோ கிணற்றடியிலோ அதை ஊற்றாதீர்கள். கரைசல் வேலை செய்யும்வரை மறுபடி மறுபடி பயன்படுத்துங்கள். செத்துப்போனதும் பெரிய பிளாஸ்டிக் வாளியில் ஊற்றி, சலவை சோடாவைச் சிறிது சிறிதாகப் போடுங்கள். நுரைத்துப் பொங்கும், அவசரப்படக் கூடாது. நுரை நின்று வண்டல் கீழே தங்கியதும் துணியில் வடிகட்டி உலர்த்துங்கள். அந்த வண்டலைச் செடிக்கும் போடாமல் குப்பையிலும் சேர்க்காமல், மூடிபோட்ட டப்பாவில் பெயர் எழுதி வைத்திருந்து, அபாயக் கழிவு வாங்குபவர்களிடமோ அதற்கு ஏற்பாடுள்ள கல்லூரி ஆய்வகத்திலோ கொடுத்துவிடுங்கள்.